நாலாம் தந்தியில் ஏழு பாலைகள்

கிட்டார் கற்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், மார்த்தாண்டத்தில் நான் போய்வந்த வகுப்பில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். கிட்டாரின் கழுத்து அதில் ஏழு முறை வரையப்பட்டிருந்தது. ஒவ்வொரு படத்திலும் விரல் வைக்க வேண்டிய இடங்களில் கறுப்புப் புள்ளிகள். கீழே அயோனியன், டோரியன், ஃபிரிஜியன், லிடியன், மிக்ஸோலிடியன், ஏயோலியன், லோக்ரியன் என்று ஏழு பெயர்கள். இவைதாம் மோடுகள், இவற்றைக் கழுத்து முழுவதும் வேகமாக வாசிக்கப் பழகினால் போதும் என்று சொல்லப்பட்டது. எட்டு மாதம் நான் வேறெதையும் வாசிக்கவில்லை. விரல்கள் நன்றாகப் பழகின. ஆனால் டோரியன் என்று வாசித்தாலும் லிடியன் என்று வாசித்தாலும் என் காதுக்கு ஒரே சி மேஜர் ஸ்கேல் வேறு வேறு படிகளிலிருந்து ஏறி இறங்குவதாகவே கேட்டது. டோரியனில் முதிர்ந்த சோகம் உண்டு, லிடியன் கனவுபோல் மிதக்கும், ஃபிரிஜியன் இருண்டது என்றெல்லாம் புத்தகங்கள் சொல்லியிருந்தன. அந்தக் குணங்களில் ஒன்றுகூட என் கையிலிருந்து வெளிவரவில்லை. குறை என் காதில்தான் என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.

அதைத் தீர்த்துவைத்தவர் என் பாட்டா. தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு சபையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆர்மோனியம் வாசித்தவர் அவர். காலால் மிதித்து வாசிக்கும் பழைய பெட்டி அது. ஒரே ஞாயிறு ஆராதனையில் ஐரோப்பிய மெட்டில் அமைந்த பாமாலைப் பாட்டு ஒன்றும், தலைப்பிலேயே ராகமும் தாளமும் அச்சிட்ட கீர்த்தனை ஒன்றும் அடுத்தடுத்து வரும். இரண்டுக்கும் அதே பெட்டிதான், அதே கைகள்தான். மேற்கத்திய இசை இது, கர்நாடக இசை இது என்று பிரித்துப் பேசும் வழக்கம் அவரிடம் இருந்ததில்லை. எந்தப் பாட்டையும் அது எந்தச் சுரத்தில் குடியிருக்கிறது என்பதை வைத்தே அவர் அடையாளம் சொல்வார்.

ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து நான் ஏழு வடிவங்களையும் வரிசையாக வாசித்து முடித்ததும் அவர் சொன்னார்: "எல்லாம் ஒண்ணு போலத்தான் கேக்குது மக்கா. வீடு எதுண்ணு காட்டாம ஊரைச் சுத்திக் காட்டுனா எப்பிடி?" பிறகு உள்ளே போய் வீட்டில் இருந்த சிறிய ஆர்மோனியத்தைத் திறந்தார். ஒரு தீக்குச்சியை ஒடித்து, சி கட்டை அமுங்கியபடியே நிற்குமாறு அதன் ஓரத்தில் செருகினார். துருத்தியை அசைத்ததும் அந்த ஒற்றைச் சுரம் விடாமல் ஒலித்தது. அதன்மேல் வெள்ளைக் கட்டைகளை மட்டும் மெதுவாக வாசித்தார், சங்கராபரணம் கேட்டது. குச்சியைப் பிடுங்கி டி கட்டையில் செருகி, அதே வெள்ளைக் கட்டைகளை வாசித்தார். வீட்டின் வெளிச்சமே மாறிவிட்டதுபோல் கரகரப்பிரியா வந்து நின்றது. ஈயில் செருகினார், தோடியின் சாயல். எஃப்பில் கல்யாணி. ஜியில் அரிகாம்போதி. ஏயில் நடபைரவி. கடைசியில் பி கட்டையில் செருகி இரண்டு சுரம் வாசித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "இதுக்கு நம்ம கணக்குல பேரு இல்ல" என்றார்.

எட்டு மாதமாக நான் வாசித்ததும் அதே வெள்ளைக் கட்டைகளைத்தான். அவர் குச்சியை நகர்த்தினார், நான் விரலை நகர்த்தினேன், வேறுபாடு அவ்வளவே. கர்நாடக இசையில் இதைக் கிரகபேதம் என்பார்கள். ச ரி க ம ப த நி என்ற ஏழு சுரங்களுக்கு அங்கே சட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்திமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம் என்று பெயர்; ஏழும் கொண்ட 72 தாய் ராகங்களே மேளங்கள். 29ஆவது மேளமான தீரசங்கராபரணத்தின் சுரங்களை மாற்றாமல், அதன் ரிஷபத்தை ஆதார சட்ஜமாகக் கொண்டால் 22ஆவது மேளமான கரகரப்பிரியாவும், காந்தாரத்தைக் கொண்டால் 8ஆவதான தோடியும், மத்திமத்தைக் கொண்டால் 65ஆவதான கல்யாணியும், பஞ்சமத்தைக் கொண்டால் 28ஆவதான அரிகாம்போதியும், தைவதத்தைக் கொண்டால் 20ஆவதான நடபைரவியும் கிடைக்கும். இவற்றின் சுர அடுக்குகளே முறையே டோரியன், ஃபிரிஜியன், லிடியன், மிக்ஸோலிடியன், ஏயோலியன் ஆகியவை; சங்கராபரணம் அயோனியன். நிஷாதத்தில் பிறக்கும் லோக்ரியனுக்குப் பஞ்சமம் இல்லை. சட்ஜமும் பஞ்சமமும் அசையாமல் நிற்பதே 72 மேளங்களின் அடிப்படை என்பதால், அந்தக் கணக்குக்குள் அது வர இயலாது.

இந்தப் பட்டியலைத் தெரிந்துகொள்வதால் மட்டும் ஒன்றும் கேட்டுவிடாது. கேட்கவைப்பது விடாமல் ஒலிக்கும் சுரம். ஒரு மோடின் குணம் அதன் ஒவ்வொரு சுரத்துக்கும் வீட்டுச் சுரத்துக்கும் இடையே உள்ள உறவில் இருக்கிறது; அந்த வீட்டுச் சுரம் காதில் இல்லாதபோது உறவும் இல்லை. மேற்கத்திய இசைக்குழுவில் பேஸ் கிட்டாரும், பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டுகளும் அந்த வேலையைச் செய்கின்றன. நம் கச்சேரியில் தம்புரா செய்கிறது. அறைக்குள் தனியாக உட்கார்ந்து படத்தைப் பார்த்துப் பழகும் மாணவனிடம் இரண்டும் இல்லை. கண்ணுக்குப் புள்ளிகள் தெரிகின்றன, விரலுக்கு வடிவம் தெரிகிறது, காதோ முதலில் கேட்ட சியையே வீடாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. டி சுரத்தில் தொடங்கி டியில் முடிப்பதாலேயே டோரியன் வந்துவிடும் என்ற பாடம், கிட்டார் கற்பிப்பவர்கள் உடனே கைவிட வேண்டிய பாடம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கிட்டாரில் தீக்குச்சி செருக முடியாது. ஆனால் அதைவிட நல்ல வழி இருக்கிறது. வழக்கமான சுருதியில் ஆறாம் தந்தி ஈ, ஐந்தாம் தந்தி ஏ, நாலாம் தந்தி டி. ஆறாம் தந்தியை மட்டும் ஒரு முழுச்சுரம் இறக்கி டி ஆக்கிவிட்டால், கீழ்த்தந்திகள் மூன்றும் டி, ஏ, டி என்று நிற்கும். அதாவது கீழ் சட்ஜம், பஞ்சமம், சட்ஜம். தம்புராவின் சுரங்களே கையில் வந்துவிட்டன. கட்டைவிரலால் ஆறையும் ஐந்தையும் மீட்டி ஒலிக்கவிட்டு, நாலாம் தந்தி ஒன்றில் மட்டும், வீணையில் வாசிப்பதுபோல், மேலும் கீழும் போய்வர வேண்டும். ஏழு படங்களும் தேவையில்லை. திறந்த தந்தி சட்ஜம். கழுத்தின் குறுக்கே அடித்திருக்கும் கம்பிகளான ஃப்ரெட்டுகளில் 2, 4, 5, 7, 9, 11 ஆகியவற்றில் சங்கராபரணத்தின் மற்ற ஆறு சுரங்கள். 12இல் மேல் சட்ஜம். நான் கற்பிக்கும் எவருக்கும் முதல் ஒரு மாதம் இதுதான் பாடம்.

இந்த ஒற்றைத் தந்தியில் ஏழு மோடுகளையும் வரிசைப்படுத்தும்போது ஓர் அழகான ஒழுங்கு வெளிப்படுகிறது. மேலிருந்து கல்யாணியில் தொடங்குவோம். அதில் மத்திமம் 6ஆம் ஃப்ரெட்டில் இருக்கிறது. அதை 5க்கு இறக்கினால் சங்கராபரணம். அடுத்து நிஷாதத்தை 11லிருந்து 10க்கு இறக்கினால் அரிகாம்போதி. காந்தாரத்தை 4லிருந்து 3க்கு இறக்கினால் கரகரப்பிரியா. தைவதத்தை 9லிருந்து 8க்கு இறக்கினால் நடபைரவி. ரிஷபத்தை 2லிருந்து 1க்கு இறக்கினால் தோடியின் அடுக்கு. கடைசியாகப் பஞ்சமத்தையே 7லிருந்து 6க்கு இறக்கினால் லோக்ரியன். ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு விரல் ஒரே ஒரு ஃப்ரெட் பின்வாங்குகிறது. ஒவ்வொரு முறையும் அறைக்குள் ஒரு சன்னல் சாத்தப்படுவதுபோல் ஒலி இருள்கிறது. எந்த மோடுக்கு எந்த உணர்ச்சி என்று தனித்தனியாகப் பெயர் சூட்டுவதைவிட, இந்தப் படிகளில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்துக் கேட்பதே குணத்தை அறியும் வழி. டோரியன் சோகமானதா என்று தனியாகக் கேட்டால் பதில் கிடையாது. அரிகாம்போதியிலிருந்து அதற்கு வருபவனுக்கு அது துயரம். நடபைரவியிலிருந்து ஏறி வருபவனுக்கு அது ஆறுதல்.

முதல் படி, அதாவது 6ஆம் ஃப்ரெட்டுக்கும் 5ஆம் ஃப்ரெட்டுக்கும் இடையிலான படி, எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆண்டுதோறும் நடந்து காட்டப்படுகிறது. நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி விக்கிரகமும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் குழித்துறை வழியாகத் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போவதைச் சிறு வயதில் சாலையோரம் நின்று பார்த்திருக்கிறேன். அங்கே நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலைகளிலும் சுவாதித் திருநாளின் (1813–1846) ஒன்பது கீர்த்தனைகள் நாளுக்கு ஒன்றாகப் பாடப்படுகின்றன. முதல் நாள் சங்கராபரணம். இரண்டாம் நாள் கல்யாணி. நான்காம் நாள் தோடி. முதல் மாலைக்கும் இரண்டாம் மாலைக்கும் இடையே சுரக்கணக்கில் மாறுவது மத்திமம் ஒன்றே. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவர்கள் அதை ஒரு சுர வேறுபாடு என்று சொல்ல மாட்டார்கள்.

சங்கராபரணத்தின் மத்திமம் கீழே காந்தாரத்தின் மேல் சாய்ந்து இறங்கத் துடிக்கும். வீட்டிலிருந்து கிளம்பி நாலாம் படிவரை போய்த் திரும்பும் அந்த இயக்கம்தான் பாமாலைப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றின் உறுதி. முத்துசாமி தீட்சிதர் (1775–1835) ஐரோப்பிய பேண்டு மெட்டுகளைத் தழுவி அமைத்த நொட்டுசுரப் பாடல்கள் சங்கராபரணத்தில் இருப்பதும் இதனோடு சேர்த்து நினைக்கத்தக்கது. கல்யாணியில் மத்திமம் மேலே ஏறிவிடுவதால் அந்தத் திரும்பும் வழி அடைபடுகிறது. சுரம் பஞ்சமத்தை நோக்கி நிமிர்ந்து நிற்கிறது. கிட்டாரில் இதை ஒரே பிடியில் கேட்கலாம். கீழ்த்தந்திகள் டி, ஏ, டி என்று ஒலித்துக்கொண்டிருக்க, மூன்றாம் தந்தியின் முதல் ஃப்ரெட்டை மட்டும் பிடித்து, மேலிருக்கும் இரண்டு தந்திகளையும் திறந்தே விட்டு மீட்டினால், டியின் மேல் ஈ மேஜர் கார்டு நிற்கும். இறங்க இடமில்லாமல் அந்தரத்தில் நிற்கும் அந்த ஒலியைத்தான் மேற்கில் மிதக்கும் குணம் என்கிறார்கள். நம் காதில் அதே சுர அடுக்கு கல்யாண வீட்டு நாகசுரத்தின் மங்கலமாகப் பதிந்திருக்கிறது. ஆக, சுரங்களின் உறவு ஒன்றைத் தருகிறது. கேட்டு வளர்ந்த ஊர் இன்னொன்றைத் தருகிறது. இரண்டில் ஒன்றை மட்டும் உண்மை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அரிகாம்போதியைப் பற்றிக் கிட்டார்க்காரர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டி, சி, ஜி என்று மூன்று மேஜர் கார்டுகளைச் சுற்றிச் சுற்றி வாசித்தாலே மிக்ஸோலிடியன் வந்துவிடும். ராக் இசையில் பாதி அங்கேதான் வாழ்கிறது. 11இல் இருக்கும்போது மேல் சட்ஜத்துக்கு ஏங்கும் நிஷாதம், 10க்கு இறங்கியதும் அந்த ஏக்கத்தை விட்டுவிடுகிறது. அதனால்தான் அது முடிவை நோக்கி ஓடாமல் சாவகாசமாகச் சுழல்கிறது.

கரகரப்பிரியாவுக்கும் நடபைரவிக்கும் இடையே உள்ள அந்த ஒரு ஃப்ரெட், 9க்கும் 8க்கும் இடைப்பட்டது, எனக்கு இந்தப் படிவரிசையிலேயே மிகவும் பிடித்த இடம். இரண்டுமே சிறிய காந்தாரம் உள்ளவை. மேற்கத்தியக் கணக்கில் இரண்டும் மைனர். டி மைனர் கார்டை வாசித்து ஜி மேஜருக்குப் போனால் தைவதம் 9இல் நிற்கும் டோரியன்; ஜி மைனருக்குப் போனால் 8இல் நிற்கும் ஏயோலியன். பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனையில் பாட்டா இரண்டாவதைத்தான் அதிகம் வாசிப்பார். 8ஆம் ஃப்ரெட்டின் தைவதம் பஞ்சமத்தின் தோளில் தலை சாய்ப்பதுபோல் ஓர் அரைச்சுரம் மேலே நின்று, விழுந்துகொண்டே இருக்கும். விம்மலின் இறங்குமுகம் அதில் இருக்கிறது. 9க்கு ஏறியதும் அழுகை நிற்கிறது. ஆனால் காந்தாரம் இன்னும் 3இல்தான் இருக்கிறது, துயரம் போய்விடவில்லை. துயரத்தோடு ஒருவர் எழுந்து நடக்கத் தொடங்குகிறார். தியாகராஜர் கரகரப்பிரியாவில் அத்தனை கிருதிகள் செய்ததையும், 1959இல் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் தம் 'கைண்ட் ஆஃப் புளூ' இசைத்தட்டின் முதல் உருப்படி முழுவதையும் டோரியன் ஒன்றின் மேலேயே அமைத்ததையும் நான் இந்த 9ஆம் ஃப்ரெட்டை வைத்தே புரிந்துகொள்கிறேன். அந்த உருப்படியில் பதினாறு அளவுகள் (பார் எனப்படும் தாளப் பகுதிகள்) டி டோரியன், எட்டு அளவுகள் ஓர் அரைச்சுரம் மேலே ஈ ஃபிளாட் டோரியன், பிறகு எட்டு அளவுகள் மறுபடி டி. கார்டுகள் ஒன்றையொன்று துரத்தாமல் வீடு ஒன்றே நீண்ட நேரம் ஒலித்துக்கொண்டிருப்பதால், வாசிப்பவருக்கு ஒவ்வொரு சுரத்தின் எடையையும் காட்ட அவகாசம் கிடைக்கிறது. பாட்டாவின் தீக்குச்சி செய்ததும் அதைத்தான்.

தோடியில்தான் கிட்டார்க்காரன் பணிவு கற்க வேண்டும். 1ஆம் ஃப்ரெட்டின் ரிஷபம் திறந்த தந்தியை ஒட்டி உரசிக்கொண்டு நிற்கும் அந்த நெருக்கம்தான் ஃபிரிஜியனின் இருள். ஸ்பெயினின் ஃபிளமெங்கோ கலைஞர்கள் ஏ மைனர், ஜி, எஃப், ஈ என்று படிப்படியாக இறங்கி, எஃப்பிலிருந்து ஈயில் விழும் அரைச்சுரத்தில் ஒரு முழு மரபையே கட்டியிருக்கிறார்கள். கிட்டாரின் திறந்த ஈ தந்திகள் அதற்கென்றே அமைந்தவைபோல் ஒலிக்கின்றன. ஆனால் அதே சுரங்களை எவ்வளவு சுத்தமாக வாசித்தாலும் ஸ்பெயின்தான் வரும், தோடி வராது. தோடியின் காந்தாரம் 3ஆம் ஃப்ரெட்டில் நிற்பதே இல்லை. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையில் அசைந்துகொண்டே வாழ்கிறது. நாகசுரத்தில் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டவர்கள் அதை இருண்டது என்று சொல்லத் துணிய மாட்டார்கள். அது பெருமிதத்தின் உச்சம். ஸ்கேல் என்பது சுரங்களின் இருப்பிடப் பட்டியல். மோடு என்பது அந்தப் பட்டியலுக்கு ஒரு வீட்டைத் தருவது. ராகம் அந்த வீட்டில் ஆட்கள் குடிவந்து, எந்த வாசலில் நுழைவது, எங்கே உட்காருவது, யாரிடம் தலை அசைப்பது என்று வழக்கங்கள் ஏற்பட்ட பிறகு வருவது. ஃபிரிஜியன் என்பது தோடி என்று இணையத்தில் யாராவது எழுதும்போதெல்லாம், சுர அடுக்கு ஒன்றே, வாழ்க்கை வேறு என்று சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். கிரேக்கப் பெயர்களைப் பார்த்து, இவை பழைய கிரேக்கர்களின் இசை என்று எண்ணிவிடக் கூடாது. பிளேட்டோ தம் இலட்சிய நாட்டில் டோரியனையும் ஃபிரிஜியனையும் மட்டும் வைத்துக்கொண்டு, புலம்பலுக்குரியது என்று மிக்ஸோலிடியனையும், விருந்துக்கும் சோம்பலுக்கும் உரியது என்று அயோனியனையும் விலக்கினார். இன்று அயோனியன் என்றால் மேஜர் ஸ்கேல். தேவாலயங்களும் பள்ளிக்கூட வாழ்த்துகளும் அதில்தான் நிமிர்ந்து நிற்கின்றன. பிளேட்டோ சொன்ன அமைப்புகள் வேறு. இடைக்கால ஐரோப்பாவில் அதே பெயர்கள் வேறு அடுக்குகளுக்கு இடப்பட்டன. ஏயோலியன், அயோனியன் என்னும் இரண்டையும் பட்டியலில் சேர்த்தவர் கிளாரியன் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர், ஆண்டு 1547. பெயரின் பின்னால் போய்க் குணத்தைத் தேடினால் இப்படித்தான் வழி தவறும்.

பெயரை மாற்றி மாற்றி வைத்தாலும், வீட்டை நகர்த்தி ஏழு இசைகளைப் பெறும் வழி தமிழில் மிகப் பழையது. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களைக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு சுரங்களின் பெயரால் அழைத்து வட்டமாக நிறுத்துகிறாள். வட்டத்துக்கு முதலும் முடிவும் இல்லை. எந்தப் பெண்ணிடமிருந்தும் எண்ணத் தொடங்கலாம். அப்படி எண்ணிப் பெறுவனவே ஏழு பெரும்பாலைகள். இசையறிஞர்கள் செம்பாலையை அரிகாம்போதியாகக் கொள்கிறார்கள். அதிலிருந்து வரிசையாகச் சுரம் பெயர்த்தால் படுமலைப்பாலை நடபைரவியும், செவ்வழிப்பாலை பஞ்சமம் இல்லாத அடுக்கும், அரும்பாலை சங்கராபரணமும், கோடிப்பாலை கரகரப்பிரியாவும், விளரிப்பாலை தோடியும், மேற்செம்பாலை கல்யாணியும் ஆகின்றன. 72 மேளக் கணக்கில் இடம் கிடைக்காத அந்த ஏழாவது அடுக்குக்கு இங்கே பெயர் இருக்கிறது. பாட்டா உயிரோடு இருந்தபோது எனக்கு இது தெரிந்திருந்தால், பி கட்டையிலிருந்து அவர் கையை எடுத்த அன்று செவ்வழி என்று சொல்லியிருப்பேன்.

இந்த இடத்தில் என் மனம் எப்போதும் எங்கள் கடற்கரை ஊர்களான முட்டத்துக்கும் குளச்சலுக்கும் போகிறது. ஐந்திணைகளில் நெய்தலுக்குக் கருப்பொருளாக விளரி யாழையும் செவ்வழிப் பண்ணையும் சொல்கிறார்கள். அதன் உரிப்பொருள் இரங்கல். மலையும் காடும் வயலும் கடலும் அரை நாள் பயணத்துக்குள் அடங்கிவிடும் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்தவனுக்கு, நிலங்களுக்கு இசையைப் பங்கிட்டவர்களின் காது எதைக் கேட்டது என்பது வெறும் இலக்கணச் செய்தியாகத் தோன்றுவதில்லை. விளரி, செவ்வழி என்ற பெயர்கள் நாம் இறங்கிவந்த படிவரிசையில் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். கடைசி இரண்டு படிகள், ஏழிலும் இருண்டவை. பண்ணும் பாலையும் ஒன்றல்ல, பெயர் ஒற்றுமையை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும், கடலுக்குப் போனவர் திரும்பாத இரவுகளை அறிந்த கரைக்கு இந்த இரண்டு பெயர்களும் வந்து சேர்ந்திருப்பது, கையில் கிட்டாரை வைத்துக்கொண்டு 1ஆம் ஃப்ரெட்டையும் 6ஆம் ஃப்ரெட்டையும் தொடும்போது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

அந்தக் கடைசிப் படியை வாசிக்க முயன்றால் உடனே ஓர் இடையூறு வரும். பஞ்சமம் 6ஆம் ஃப்ரெட்டுக்கு இறங்கிவிட்டது. ஆனால் கட்டைவிரலின் கீழ் ஐந்தாம் தந்தி இன்னும் பழைய பஞ்சமத்தையே ஒலிக்கிறது. இரண்டும் மோதும். ஐந்தாம் தந்தியையும் ஓர் அரைச்சுரம் இறக்கி ஏ ஃபிளாட் ஆக்க வேண்டும். மற்ற ஆறு மோடுகளும் வீட்டுக்குள் சுவர்களையும் சன்னல்களையும்தான் மாற்றின. இதில் அடித்தளமே பெயர்கிறது. மீட்டினால் தம்புரா என்று சொல்ல முடியாத, நிலைகொள்ளாத ஓர் ஒலி. அதன்மேல் கட்டும் கார்டும் நிற்காது. ஆச்சரியம் என்னவென்றால், இந்த 6ஆம் ஃப்ரெட் நாம் முதலில் கல்யாணியில் தொட்ட அதே 6ஆம் ஃப்ரெட்தான். அங்கே மேலே பஞ்சமம் நின்றதால் அது மத்திமம், உச்ச ஒளி. இங்கே பஞ்சமத்தின் இடத்தில் அதுவே நிற்பதால் உச்ச இருள். ஒரே தந்தி, ஒரே இடம், ஒரே அதிர்வெண். குணம் சுரத்துக்குள் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் இந்த ஃப்ரெட்டில் கொஞ்ச நேரம் விரலை வைத்திருக்க வேண்டும்.

கிட்டாரின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். எட்டுச் சுர இடைவெளியைப் பன்னிரண்டு சமப் பங்காக்கியே ஃப்ரெட்டுகள் அடிக்கப்படுகின்றன. அதனால் 4ஆம் ஃப்ரெட்டின் காந்தாரம், தந்தியின் இயற்கையான மேலொலியில் கேட்கும் காந்தாரத்தைவிடச் சற்று உயர்ந்தது. அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் சுமார் 14 பங்கு. கார்டுகள் வேகமாக மாறும் பாட்டில் இது தெரியாது. வீட்டுச் சுரம் விடாமல் ஒலிக்கும்போது தெரியும். ஒரு மெல்லிய நடுக்கமாகக் காதில் குறுகுறுக்கும். ஆர்மோனியத்திலும் இதே குறை உண்டு, பாட்டா அதைப் பெட்டியின் மூச்சு என்பார். கிட்டாரிலாவது தந்தியை இழுத்துச் சுரத்தை ஏற்றலாம். 1970களில் இந்திய இசையையும் ஜாஸையும் கலந்த சக்தி குழுவில் வாசித்த ஆங்கிலேயக் கிட்டார்க் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்து எடுத்த கிட்டாரைச் செய்வித்துக்கொண்டார். வீணையில்போல் தந்தியை ஆழ அழுத்திக் கமகம் என்னும் சுர அசைவைத் தர அது இடம் கொடுத்தது. அதன் உடலின் குறுக்கே சுருதி ஒலிக்கக் கூடுதல் தந்திகளும் கட்டப்பட்டிருந்தன. அவருக்குக் கர்நாடக இசை கற்பித்தவர்களில் ஒருவர் எஸ். ராமநாதன்; சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்தவரும் அவரே. ஏழு பாலைகளின் வட்டத்தை விளக்கிய ஒருவரிடம் ஒரு கிட்டார்க்காரர் போய் உட்கார்ந்தார் என்பதும், அவருடைய கருவியில் சுருதித் தந்திகள் முளைத்தன என்பதும் எனக்குப் பெரிய மகிழ்ச்சி தரும் செய்திகள்.

சென்ற மாதம் என்னிடம் கற்கும் ஒரு பெண்ணுக்கு இந்தப் படிவரிசையைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நாகர்கோவிலில் ஐந்து ஆண்டு வாய்ப்பாட்டு கற்றவள் அவள். லோக்ரியனுக்காக ஐந்தாம் தந்தியை ஏ ஃபிளாட்டுக்கு இறக்கியதும் முகம் சுளித்தாள். இரண்டு மூன்று முறை வாசித்துப் பார்த்துவிட்டு, இந்தச் சுருதியில் உட்காரவே முடியவில்லை என்றாள். நான் தேநீர் எடுத்துவர உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அவள் ஆறாம் தந்தியையும் நாலாம் தந்தியையும்கூட ஆளுக்கு ஓர் அரைச்சுரம் இறக்கியிருந்தாள். டி, ஏ ஃபிளாட், டி என்று தத்தளித்துக்கொண்டிருந்தவை டி ஃபிளாட், ஏ ஃபிளாட், டி ஃபிளாட் என்று மறுபடி சட்ஜமும் பஞ்சமமுமாக நிலைகொண்டிருந்தன. மேல் தந்திகளில் விரல்களை அவள் மாற்றவில்லை. டியை மட்டும் விட்டுவிட்டு, சற்று முன் வாசித்த லோக்ரியனின் மற்ற ஆறு சுரங்களையே வாசித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் தலை நிமிர்ந்தாள்.

"அண்ணா, இது கல்யாணியில்லா?"